மாலை ஐந்தரை மணியை மீட்பது எப்படி? பல்கலைக்கழக மாணவர்களுக்கு விளையாட்டு, ஃபோன், மனநலம் பற்றிய எட்டு வார வழிகாட்டி

"இன்ஸ்டாகிராமை அழிச்சுட்டேன்" என்று திங்கட்கிழமை சொல்பவர், வெள்ளிக்கிழமைக்குள் அதைத் திரும்ப ஏற்றியிருப்பார். மன உறுதி இல்லாததுதான் காரணம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில், செயலியை அழித்ததும் கையில் ஒன்றரை மணி நேரம் சும்மா நிற்கிறது. அதை என்ன செய்வதென்று யாரும் யோசித்து வைத்திருப்பதில்லை. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்தி வைத்தவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 நிமிடம் மிச்சமானது. அந்த நேரத்தில் நண்பர்களோடும் குடும்பத்தோடும் கூடுதலாகப் பழகினார்கள், தனியாக உட்கார்ந்து கூடுதலாக டிவியும் பார்த்தார்கள். மனநிலை முன்னேறியது, ஆனால் கொஞ்சம்தான்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசை தலைகீழ். விளையாட்டுக்கு நாளும் நேரமும் ஆளும் முதலில் குறிக்கப்படும். ஃபோன் அமைப்புகளில் கை வைப்பது மூன்றாம் வாரத்தில்தான்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "இத்தனை மணி நேரம் ஃபோன் பார்த்தால் இத்தனை மன உளைச்சல்" என்று நேர்க்கணக்குப் போட முடியாது. பதின்ம வயதினரின் பெரிய தரவுத்தொகுப்புகளை அலசிய 2019-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், டிஜிட்டல் பயன்பாட்டால் விளக்க முடிந்தது அவர்களுடைய நல்வாழ்வு வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதம் மட்டுமே. மணிக்கணக்கைவிட, ஃபோன் எதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது என்பதுதான் முக்கியம். தூக்கத்தின் இடத்திலா, உடல் அசைவின் இடத்திலா, நேரில் பேசும் ஆட்களின் இடத்திலா?

படி 1: ஒரு வாரம் அளவு மட்டும் எடுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

மூன்று அளவுகள் வேண்டும். ஒரு நோட்டுப் பக்கம் போதும்.

முதலாவது மனநிலை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து வாக்கிய நல்வாழ்வு அளவுகோல் 1998 முதல் புழக்கத்தில் இருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களை மனதில் வைத்து ஐந்து கேள்விகளுக்கு மதிப்பெண் போட வேண்டும்: உற்சாகமாக இருந்தேனா, அமைதியாகவும் இறுக்கமில்லாமலும் இருந்தேனா, சுறுசுறுப்பாக இருந்தேனா, காலையில் புத்துணர்வோடு எழுந்தேனா, அன்றாட வாழ்க்கையில் ஆர்வமூட்டும் விஷயங்கள் இருந்தனவா. ஒருபோதும் இல்லை என்றால் 0, எப்போதும் என்றால் 5. கூட்டி, நான்கால் பெருக்குங்கள். 2, 3, 1, 1, 2 என்று போட்டிருந்தால் கூட்டல் 9, மதிப்பெண் 36. நூற்றுக்கு 50 அல்லது அதற்குக் கீழே வந்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று நிபுணர் ஒருவர் பார்ப்பது நல்லது என்பதே அதன் பொருள். அதை நோய்த் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது ஃபோன். "ஒரு மணி நேரம் பார்ப்பேன்" என்ற உங்கள் ஊகத்தை எழுத வேண்டாம்; நம் ஊகம் பெரும்பாலும் தப்பு. ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐஃபோனில் ஸ்கிரீன் டைம் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். மொத்த நேரத்தை விட்டுவிடுங்கள், அதில் பாட வீடியோவும் வரைபடமும் கலந்திருக்கும். சமூக ஊடகச் செயலிகளின் வாரக் கூட்டுத்தொகை, ஒரு நாளில் ஃபோனைத் திறந்த எண்ணிக்கை, படுக்கைக்குப் போன பிறகு ஓடிய நிமிடங்கள் ஆகிய மூன்றை மட்டும் குறியுங்கள். லேப்டாப்பில் பார்ப்பது இந்தக் கணக்கில் வராது. அதைத் தனியாகச் சேருங்கள்.

மூன்றாவது அசைவு. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் உழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசைப் பயிற்சி என்பது 2020-இன் உலக சுகாதார நிறுவனப் பரிந்துரை. எது மிதம், எது கடுமை என்று பார்க்கக் கருவி தேவையில்லை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் கடுமை. கடும் உழைப்பின் ஒரு நிமிடத்தை இரண்டாக எண்ணலாம். "பத்து நிமிடத்துக்குக் குறைவான அசைவு கணக்கில் வராது" என்ற பழைய விதி இப்போது இல்லை. மாடிப்படியும் வேக நடையும் சேரும்.

இங்கேதான் பலர் தங்களையே ஏமாற்றிக்கொள்வார்கள். மைதானத்தில் ஒரு மணி நேரம் இருந்ததை 60 நிமிடம் என்று எழுதுவார்கள். பதினைந்து பேர் வந்து, ஒரே நெட்டில் ஆறுக்கு ஆறாக வாலிபால் ஆடினால், மீதிப் பேர் ஓரத்தில் நின்று ஃபோன்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உட்கார்ந்திருந்த நேரத்தைக் கழித்துவிட்டு எழுதுங்கள்.

படி 2: பெரிய பட்டை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

வாரக் கடைசியில் ஸ்கிரீன் டைமின் மணிவாரி வரைபடத்தைத் திறங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு பட்டைகள் உயரமாக நிற்கும்: வகுப்பு முடிந்த மாலை ஒன்று, படுத்த பிறகு இன்னொன்று.

மாலைப் பட்டை எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 5.20-க்கு அறைக்கு வருகிறீர்கள். பை கட்டிலில், செருப்பு வாசலில். "அஞ்சு நிமிஷம்" என்று சாய்கிறீர்கள். ஃபோனைத் திறந்தது வகுப்புக் குழுவில் அசைன்மென்ட் தேதி பார்க்கத்தான். அதற்கு மேலே ஒரு நோட்டிஃபிகேஷன், அதைத் தொட்டால் ஒரு ரீல், அதற்குக் கீழே அடுத்தது தானே ஓடிக்கொண்டிருக்கிறது. தலை நிமிரும்போது 7.05. வெளியே வெளிச்சமில்லை. மைதானத்தில் ஆடியவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

இந்தச் சங்கிலியில் சாய்வதற்கு முன்னால் மட்டும்தான் இடைமறிக்க முடியும். ஆகவே விளையாடும் நாளில் அறைக்கே போகக் கூடாது. காலையிலேயே ஷூ, டி-ஷர்ட், துண்டு, தண்ணீர் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு, வகுப்பிலிருந்து நேராக மைதானம். அறைக்குப் போய் உடை மாற்றிவிட்டு வருகிறேன் என்பவர்களில் பாதிப் பேர் வருவதில்லை. எந்த கேப்டனைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

இரவுப் பட்டையை இப்போதைக்கு விடுங்கள். ஒரே ஒரு வேலை போதும்: சார்ஜரைக் கட்டிலுக்குக் கை எட்டாத சுவருக்கு மாற்றுங்கள். அலாரத்தை அணைக்க எழுந்து நடக்க வேண்டியிருப்பது கூடுதல் லாபம்.

படி 3: ஆட்டத்தைவிட ஆட்களைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

உடல் எடைக்காக என்றால் எந்த விளையாட்டும் சரி. மனநிலைக்காக என்றால் எங்கள் பரிந்துரை வேறு. நீங்கள் வராவிட்டால் ஆட்டமே நடக்காத ஒன்றைப் பிடியுங்கள். பேட்மிண்டன் இரட்டையருக்கு நான்கு பேர் வேண்டும்; நான்காவது ஆள் வராவிட்டால் மூன்று பேர் ராக்கெட்டோடு நிற்பார்கள், உங்களுக்குப் போன் வரும். டிரெட்மில் யாரையும் அழைப்பதில்லை. கூட்டத்தில் களைத்துப்போகிறவர் என்றால் ஓட்டம், நீச்சல் போன்றவற்றில் ஒரே ஒரு துணையோடு தொடங்கலாம். அதுவும் வேலை செய்யும்.

மைதானம் வகுப்பிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும், கிழமையும் நேரமும் நிலையாக இருக்க வேண்டும், இவை இரண்டும் கட்டாயம். திறமை கட்டாயமில்லை.

புதியவர்களின் பெரிய தயக்கம், பல்கலைக்கழக அணி ஏற்கெனவே மூடிய வட்டமாகத் தெரிவது. ஆட்டம் சூடு பிடித்த பிறகு ஓரத்தில் போய் நின்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். வார்ம்-அப் தொடங்கும்போதே போங்கள். "டீம்ல சேரணும்" என்று கேட்காமல், "செவ்வாய், வியாழன் பிராக்டிஸுக்கு வரலாமா, நான் பிகினர்" என்று கேளுங்கள். அணிக்கு எதிரே ஆட ஆள் எப்போதும் தேவை. முடிந்தால் உங்களைப் போலவே ஆடத் தெரியாத ஒருவரைக் கூட்டிப்போங்கள். ஆறு முறை தொடர்ந்து சர்வீஸைத் தவறவிடுவது இரண்டு பேராகச் செய்தால் அவ்வளவு வலிக்காது.

மாணவிகள் பல இடங்களில் எதிர்கொள்ளும் சிக்கல் வேறு: மாலை நேர மைதானம் முழுக்க ஆண்கள் அணிகளிடம் இருக்கும். வாய்வழியாகக் கேட்டால் "வந்து ஆடுங்களேன்" என்ற பதில்தான் வரும். நான்கைந்து பேர் கையெழுத்திட்டு, கிழமையும் நேரமும் குறித்து, விளக்கு வெளிச்சமும் உடை மாற்றும் அறையும் கேட்டு உடற்கல்வித் துறைக்கு எழுத்தில் கொடுங்கள். கிடைத்த நேரத்தை முதல் மாதம் ஒருமுறைகூட காலியாக விடாதீர்கள், விட்டால் போய்விடும்.

படி 4: எட்டு வாரத்தின் கணக்கு (அளவு மட்டும் எடுத்த வாரம் இதில் சேராது)

வாரம் 1, 2: இரண்டு நாள், தலா 30 நிமிடம்.
வாரம் 3, 4: இரண்டு நாள், தலா 45 நிமிடம்; கூடவே ஒரு நாள் 20 நிமிடத் தசைப் பயிற்சி.
வாரம் 5, 6: மூன்று நாள், தலா 45 நிமிடம், தசைப் பயிற்சி இரண்டு நாள்.
வாரம் 7, 8: மூன்று நாள், தலா 50 நிமிடம். இங்கே 150 வந்துவிடுகிறது.

தசைப் பயிற்சிக்கு ஜிம் வேண்டாம். தண்டால், ஸ்குவாட், பிளாங்க், பை நிறையப் புத்தகம் போட்டு இடுப்பை நோக்கி இழுப்பது, இவை ஒவ்வொன்றும் மூன்று சுற்று. இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்ற நிலையில் ஒவ்வொரு சுற்றையும் நிறுத்துங்கள்.

முதல் வார ஆர்வத்தில் ஐந்து நாள் ஆடி, மூன்றாம் வாரம் முன்னெலும்பு வலியோடு படுப்பதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் விபத்து. ஆட்டத்துக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை, தோள் முழுக்க வலித்தால் அது புதிய உழைப்பின் தசை வலி; தானாகப் போகும். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்விளிம்பை விரலால் அழுத்திப் பாருங்கள். நாலு விரல் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்து நடையோ சைக்கிளோ போதும். நாணயம் அளவுள்ள ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால் எலும்பு விரிசலாக இருக்கலாம். ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கணுக்கால் பிசகி நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். ஆடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் பேச்சே இல்லை, அன்றே மருத்துவமனை.

தேர்வு வாரத்தில் எல்லாவற்றையும் நிறுத்தாதீர்கள். இரண்டு நாள், இருபது நிமிடம் என்று சுருக்குங்கள். லண்டனில் பழக்கம் உருவாவதை அளந்த 2010-ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமட்டமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. நம் எட்டு வாரம் 56 நாள்தான். கடைசி நாளிலும் ஷூ போட அலுப்பாக இருந்தால் திட்டம் தோற்றதாக அர்த்தமில்லை.

படி 5: இப்போது ஃபோன்

மூன்றாம் வாரம் நோட்டிஃபிகேஷன். மனிதர்கள் நேரடியாக உங்களுக்கு அனுப்புவது இருக்கட்டும். "உங்களுக்குப் பிடிக்கலாம்", "இவர் லைவ் வந்திருக்கிறார்" வகையறா முழுவதையும் நிறுத்துங்கள். விளையாட்டுக் குழுவின் அறிவிப்பைத் தப்பித் தவறியும் அணைக்காதீர்கள். எல்லாச் செயலியையும் ஒரே நாளில் தூக்கிவிட்டு, பிராக்டிஸ் ஆறு மணிக்கு மாறியது தெரியாமல் ஐந்து மணிக்குக் காலி மைதானத்தில் நின்றவர் மறுவாரம் வரமாட்டார்.

நான்காம் வாரம் டைமர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து நடந்த 2018 ஆய்வில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்கு 10 நிமிடமாக மூன்று வாரம் கட்டுப்படுத்தியவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. கட்டுப்பாடில்லாமல் தங்கள் பயன்பாட்டைக் கவனித்து மட்டும் வந்தவர்களுக்கும் பதற்றமும், எதையோ தவறவிடுகிறோம் என்ற பயமும் இறங்கின. படி 1-ஐத் தாண்டிக் குதிக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

அதற்காக மூன்று மணி நேரத்திலிருந்து ஒரே நாளில் 30 நிமிடத்துக்கு இறங்காதீர்கள். அதிகம் ஓடும் இரண்டு செயலிகளுக்கு மட்டும், வாரத்துக்குக் கால் பங்கு வீதம் குறையுங்கள். 180 நிமிடம் என்றால் அடுத்த வாரம் 135, பிறகு 100, பிறகு 75.

டைமரில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஐஃபோனில் வரம்பு முடிந்ததும் அதைப் புறக்கணிக்கும் பொத்தான் அங்கேயே இருக்கும். ஸ்கிரீன் டைம் கடவுக்குறியீட்டை நம்பகமான நண்பர் கையால் போடச் சொன்னால் அடைபடும். இரண்டாவது ஓட்டை பலருக்குத் தெரிவதே இல்லை: தினசரி வரம்பு நள்ளிரவில் புதுப்பிக்கப்படுகிறது. 11.40-க்கு மங்கிய செயலி 12.00-க்கு முழு நேரத்தோடு திரும்ப உயிர்பெறும். விழித்திருப்பவருக்கு இது பரிசு. இரவு 11 மணி முதல் காலை 6 வரை ஐஃபோனில் செயலிகளை மூடி வைக்கும் டவுன்டைமும் ஆண்ட்ராய்டில் பெட்டைம் பயன்முறையும் வையுங்கள். பெட்டைம் செயலிகளைப் பூட்டாது, திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும், அவ்வளவுதான். அங்கே உண்மையான காவல் தூரத்துச் சுவரில் இருக்கும் சார்ஜர்தான்.

ஐந்தாம் வாரம் ஃபீடில் வரும் சரக்கு. விளையாடத் தொடங்கியதும் அல்காரிதம் உடற்கட்டு வீடியோக்களைக் கொட்டும். ஆரோக்கியம் என்று தோன்றும், ஆனால் அத்தகைய உடல்வாகுப் படங்களைப் பார்த்த மாணவிகளுக்கு, பயணப் படங்கள் பார்த்தவர்களைவிட மனநிலையும் தங்கள் உடல் மீதான திருப்தியும் இறங்கியதை 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. பார்த்து முடித்ததும் எழுந்து ஆடத் தோன்றுகிறதா, கண்ணாடி முன் நிற்கத் தோன்றுகிறதா? இரண்டாவது என்றால் மியூட் செய்யுங்கள். பேக்ஹேண்ட் எப்படி அடிப்பது என்று காட்டும் வீடியோ வேறு சாதி, அது இருக்கட்டும்.

ஆட்டப் படத்தை ஸ்டேட்டஸில் போடுவதில் தவறில்லை, குளித்த பிறகு போடுங்கள். மைதானத்துக்குள் ஃபோன் பையைவிட்டு வெளியே வந்தால் இடைவேளைப் பேச்சு செத்துவிடும். தனிமைக்கு மருந்தே அந்த அரட்டைதான். ஓட்டச் செயலி பயன்படுத்தினால் புறப்படும், முடியும் இடங்களை மறைக்கும் அமைப்பைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் இருப்பிடம் எல்லாருக்கும் தெரியும்.

படி 6: தூக்கம்

இளைஞர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம். கடும் ஆட்டம் படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தால் தூக்கம் தள்ளிப்போகும். இரண்டு மணி நேர இடைவெளி வையுங்கள். விளக்கொளியில் இரவு ஆடும் அணிகளில் ஆட்டத்தைவிட அதற்குப் பிறகு குழுவில் நடக்கும் "அது அவுட்டே இல்ல" வாதம்தான் அதிகம் விழிக்க வைக்கும். அதைக் காலையில் படியுங்கள்.

படி 7: நான்காம், எட்டாம் வாரம் மறுபடி அளவு

அதே ஐந்து வாக்கியம், ஃபோனின் அதே மூன்று எண்கள், அதே அசைவுக் கணக்கு. தேர்வு வாரத்தில் எடுக்காதீர்கள், எதுவும் தெரியாது. நல்வாழ்வு மதிப்பெண் 10 புள்ளி நகர்ந்தால் அதை உண்மையான மாற்றம் என்று கொள்ளலாம். 4 புள்ளி நகர்ந்தால் ஒரு விடை மாறியிருக்கிறது, அவ்வளவே.

அசைவு கூடியும் மதிப்பெண் நகரவில்லை என்றால் முதலில் தூக்கத்தைப் பாருங்கள். ஃபோன் நேரம் குறைந்து மதிப்பெண்ணும் குறைந்திருந்தால், ஊரில் இருக்கும் நண்பர்களோடான பேச்சையும் சேர்த்து வெட்டியிருப்பீர்கள்; செய்தியையும் வீடியோ அழைப்பையும் திரும்பக் கொண்டுவாருங்கள், ரீல்ஸை மட்டும் விடுங்கள். ஃபோன் நேரம் அப்படியே இருந்து மதிப்பெண் ஏறியிருந்தால், ஃபோனைச் சும்மா விடுங்கள். அதைக் குறைப்பது இங்கே இலக்கே அல்ல.

இரண்டு முறையும் 50-க்கு மேல் வரவில்லை என்றால் பல்கலைக்கழக ஆலோசகரிடம் அந்த நோட்டுப் பக்கத்தோடு போங்கள். பேச்சைத் தொடங்க அது உதவும். 28-க்குக் கீழே என்றால் எட்டாம் வாரம்வரை காத்திருக்க வேண்டாம். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அன்றே யாரிடமாவது சொல்லி, அன்றே உதவிக்குப் போக வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு: ஒரு நாள் ஆடாவிட்டால் குற்ற உணர்வு, காயத்தோடு ஆடுவது, உணவைக் குறைத்துக்கொண்டே போவது, மாதவிடாய் மூன்று மாதம் நின்றுபோவது. இவற்றில் எது தெரிந்தாலும் பயிற்சியைக் கூட்டாமல் மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த செமஸ்டர் நேர அட்டவணை வந்ததும் படி 2-ஐ மட்டும் மறுபடி செய்யுங்கள். வகுப்பு நேரம் மாறினால் பெரிய பட்டையும் இடம் மாறியிருக்கும். செவ்வாய்க்கிழமை லேப் ஆறு மணி வரை நீண்டிருந்தால் அன்றைய ஆட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்ற, மற்ற மூன்று பேரிடமும் முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள்.